பத்தன் எந்தப் பட்டினம்? ஒரு துப்பறியும் கதை வாசகனின் குறிப்புகள்

போன மாதம் ஊர்த் தம்பிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பெரியபட்டினம் முகப்பில் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்று வைக்கப் போகிறார்களாம், அதற்கு வாசகம் வேண்டுமாம். "காக்கா, நீங்கதான் எந்நேரமும் புஸ்தகமும் கையுமா இருக்கீங்க. 'உலகப் பயணி இப்னு பதூதா வந்திறங்கிய ஊர் உங்களை வரவேற்கிறது'ன்னு போடப்போறோம். எந்த வருஷம்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள்.

1344 என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்கப்பா" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த ரெண்டு நாள் மூன்று வாரமாகிவிட்டது. அந்த மூன்று வாரமும் அதற்குக் கொஞ்சம் முன்னாடியும் படித்தது என்ன, ஏன் அந்த வருஷத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வரலாறு படித்தவன் இல்லை. டிப்ளமோ முடித்துவிட்டு பதினாறு வருஷம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். ரூமில் ஊருக்குப் போகிறவர்கள் விட்டுப்போகும் பாக்கெட் நாவல்கள்தான் என் பல்கலைக்கழகம். ராஜேஷ்குமார் எத்தனை படித்தேன் என்று கணக்கே கிடையாது. விவேக்கும் ரூபலாவும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. அப்புறம் சுஜாதாவின் கணேஷ், வசந்த். 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யை சோழர் காலத்துக் கதை என்று தெரியாமல் கொலைக் கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். கணேச பட்டரும் வசந்தகுமாரனும் வந்து நின்றதும்தான் மனுஷன் நம்மை வைத்து விளையாடுகிறார் என்று புரிந்தது. ராஜராஜன் காலத்துக்குள்ளே நான் நுழைந்தது அந்தப் பின்வாசல் வழியாகத்தான்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ராத்திரி துப்பறியும் கதை, காலையில் டீயோடு வரலாறு. நாளாக ஆக ரெண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு ஒருத்தி 1951-லேயே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். ஜோசபின் டே எழுதிய 'காலத்தின் மகள்'. ஆலன் கிரான்ட் என்ற லண்டன் போலீஸ் அதிகாரி கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பொழுது போகவில்லை. இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்ட், அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரைக் கோபுரத்தில் அடைத்துக் கொன்றதாகச் சொல்லப்படும் பழைய வழக்கைப் படுக்கையிலேயே விசாரிக்கிறார். துரத்தல் கிடையாது, துப்பாக்கி கிடையாது. நர்ஸ் கொண்டுவரும் புத்தகங்களும் ஒரு இளைஞன் நூலகத்தில் எடுத்துவரும் குறிப்புகளும்தான். அதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் ஒன்று உண்டு. ரிச்சர்டைக் கொடுங்கோலன் ஆக்கிய முக்கியமான நூலை எழுதியவர் தாமஸ் மோர். அவர் மாமனிதர், பொய் சொல்ல மாட்டார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கிரான்ட் கணக்குப் போடுகிறார்: ரிச்சர்ட் அரசனானபோது மோருக்கு வயசு 5. அப்படியென்றால் மோர் பார்த்ததை எழுதவில்லை, கேட்டதை எழுதினார். யாரிடம் கேட்டார்? ரிச்சர்டின் எதிரிகளிடம்.

எங்கள் தொழிலிலும் இதுதான். "கூலிங் வரலை, கேஸ் தீந்துபோச்சு" என்று வீட்டுக்காரர் சொல்லுவார். கூலிங் வரவில்லை என்பது அவர் பார்த்தது. கேஸ் தீர்ந்தது என்பது பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. ரெண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனால் அன்றைய கூலி போச்சு.

ஆனாலும் அந்த நாவலின் தீர்ப்பை நான் நம்பவில்லை. கிரான்ட் வழக்கை எடுப்பதே ரிச்சர்டின் ஓவியத்தைப் பார்த்து, இந்த முகம் கொலைகாரன் முகம் இல்லை என்று தோன்றியதால்தான். முகத்தைப் பார்த்து முடிவு பண்ணிவிட்டு அப்புறம் சாட்சி தேடுகிற போலீஸை ராஜேஷ்குமார் நாவலில் நாமே திட்டுவோம். 2012-இல் லெஸ்டர் நகரத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடே கிடைத்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது, அவர் காயம்பட்டுச் செத்தார் என்பதெல்லாம் தெரிந்தது. பிள்ளைகளை யார் கொன்றது என்பதற்கு அந்த எலும்பு பதில் சொல்லவில்லை.

நம்மூரில் இதற்குச் சமமான வழக்கு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? 'பொன்னியின் செல்வன்' படித்த அத்தனை பேரும் ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் இதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. கல்கி அதை வேண்டுமென்றே மூடுபனியில் விட்டுவிட்டார். ஆனால் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடிக் கோயில் சுவரில். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு என்று கொள்கிறார்கள். அவன் பட்டத்துக்கு வந்தது 985. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பேர் சொல்லி, அவர்கள் வகையறாவின் சொத்துகளைப் பற்றிய ஆணையைப் பேசுகிறது.

துப்பறியும் கதையாக இருந்தால் இங்கே முற்றும் போட்டுவிடலாம், குற்றவாளி பேரோடு கிடைத்துவிட்டானே! ஆனால் வரலாற்றுப் புத்தகத்தில் இங்கேதான் தொடங்குகிறது. கொலை நடந்தது சுந்தர சோழன் காலத்தில். நடுவில் உத்தம சோழன் ஒன்றரைப் பத்தாண்டு ஆண்டிருக்கிறான். அத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தார்கள்? அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, உத்தம சோழனுக்கும் இதில் கை இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார் நீலகண்ட சாஸ்திரி. இல்லவே இல்லை என்று மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். ஒரே கல், ஒரே எழுத்து, இரண்டு பெரிய அறிஞர்கள், இரண்டு தீர்ப்பு. கல்வெட்டில் பேர் இருக்கிறது, காரணம் இல்லை. காரணத்தைத்தான் ஆயிரம் வருஷம் கழித்தும் நாம் ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மனநிலையில்தான் இப்னு பதூதாவை எடுத்தேன். எங்கள் ஊர்க்காரன் எவனும் சின்ன வயசிலேயே அந்தப் பேரைக் கேட்டிருப்பான். ஆனால் அவர் எழுதியதை நேராகப் படித்தவர் ரொம்பக் குறைவு, நானும் படித்ததில்லை. கிப் என்ற ஆங்கிலேயர் 1929-இல் சுருக்கி மொழிபெயர்த்தது ஒன்று, நீலகண்ட சாஸ்திரி 1939-இல் தொகுத்த 'தென்னிந்தியா பற்றி வெளிநாட்டார் குறிப்புகள்' இன்னொன்று. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். படித்த பிறகு, இதை ஏன் யாரும் கிரைம் நாவலாக எழுதவில்லை என்றுதான் தோன்றியது.

கதை இப்படி. தில்லிக்குக் கீழ் இருந்த மதுரையில் 1335-இல் ஜலாலுத்தீன் அஹ்சன் என்பவர் தனி சுல்தான் ஆகிவிடுகிறார். அவருடைய மகள் ஒருத்தியை இப்னு பதூதா தில்லியில் இருந்தபோதே மணந்திருந்தார். இன்னொரு மகளின் கணவர் கியாசுத்தீன் தம்கானி, பின்னால் மதுரை சுல்தான் ஆனவர். ஆக சகலை முறை. 1344-இல் மாலத்தீவு, இலங்கை எல்லாம் சுற்றிவிட்டு நம்ம கரைப்பக்கம் வரும்போது இப்னு பதூதாவின் கப்பல் உடைகிறது. எப்படியோ கரையேறி சகலையின் படை முகாமுக்குப் போய்ச் சேருகிறார்.

சகலை லேசுப்பட்ட ஆள் இல்லை. ஹொய்சள ராஜா மூன்றாம் வல்லாளனை 1342 வாக்கில் பிடித்துக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டவர். அதை அங்கே தொங்கக் கண்டதாக இப்னு பதூதாவே சொல்கிறார். முகாமில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைப் பார்த்து இவர் அருவருப்போடு எழுதுகிறார், அதே கையோடு மாலத்தீவைப் பிடிக்க அந்த சகலைக்கு யோசனையும் சொல்கிறார். அங்கே காஜியாக இருந்து மனஸ்தாபத்தில் வெளியேறியவர் அல்லவா. மனுஷனைப் பற்றி எனக்கு இருந்த பாடப்புத்தகப் பிம்பம் அந்தப் பக்கத்தோடு போய்விட்டது. அதுவும் நல்லதுக்குத்தான்.

அப்புறம் பத்தன் வருகிறது. அரபியில் 'ப' இல்லை, அதனால் ஃபத்தன் என்று எழுதுகிறார். கடலோரத்தில் பெரிய அழகான நகரம். அருமையான துறைமுகம். கடலுக்குள்ளே பெரிய பெரிய மரத்தூண்களை நட்டு அதன்மேல் ஒரு மரமண்டபம், அதற்குப் போக மேலே கூரை போட்ட மரப்பாதை. எதிரிக் கப்பல் வந்தால் துறையில் நிற்கும் கலங்களை எல்லாம் அந்த மண்டபத்தோடு கட்டிவிட்டு, வில்லாளிகள் மேலே ஏறிக்கொள்வார்களாம். கல்லால் கட்டிய அழகான பள்ளிவாசல். திராட்சையும் மாதுளையும் நல்லா கிடைக்குமாம். நிஷாப்பூரிலிருந்து வந்த ஒரு ஷேக் தலைமுடியைத் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு, பழக்கப்படுத்திய சிங்கம் ஒன்றோடு இருந்தாராம். அவர்கூட இருந்த பக்கிரிகளில் ஒருத்தரிடம் மான். சிங்கமும் மானும் ஒரே இடத்தில்.

சுல்தான் அங்கே வந்து சேரும்போதே உடம்பு சரியில்லை. ஏன்? ஒரு யோகி ஆண்மைக்கு மாத்திரை செய்துகொடுத்திருக்கிறார். அதில் இரும்புத்தூள் கலந்திருக்கிறது. சுல்தான் அளவுக்கு மேலே முழுங்கிவிட்டார். அந்த நிலையிலும் கப்பல்தலைவன் குவாஜா சுரூரைக் கூப்பிட்டு, மாலத்தீவுப் படையெடுப்புக்குக் கப்பல் தயார் பண்ணுவதைத் தவிர வேற வேலை பார்க்காதே என்கிறார். பிறகு மதுரைக்குப் போகிறார். மதுரையில் கொள்ளைநோய். பிடித்தால் ரெண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முடிந்தது, மிஞ்சினால் நாலாம் நாள். இப்னு பதூதா நல்ல ஆரோக்கியமானவள் என்று உறுதி வாங்கிக்கொண்டு ஒரு அடிமைப் பெண்ணை வாங்குகிறார், மறுநாள் இறந்துவிடுகிறாள். ஒரு பெண் எட்டு வயசுப் பையனோடு உதவி கேட்டு வருகிறாள், ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கிறார்கள். மறுநாள் அவள் மட்டும் வருகிறாள், பையனுக்குக் கஃபன் துணி கேட்டு. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

சுல்தானின் மகனும் தாயும் போகிறார்கள். கடைசியில் சுல்தானும். மாத்திரையா, கொள்ளைநோயா, வேற ஏதாவதா? அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தது அண்ணன் மகன் நாசிருத்தீன். வந்த கையோடு சுல்தானுடைய மருமகனைக் கொன்றுவிட்டுப் பழைய சுல்தானின் மகளைத் தானே மணந்துகொள்கிறான். விவேக் இந்த வழக்கை எடுத்திருந்தால் மாத்திரை கொடுத்த யோகியை விட்டுவிட்டு நேராக நாசிருத்தீன் வீட்டுக்கதவைத்தான் தட்டியிருப்பார். இப்னு பதூதாவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அல்லது வந்தும் எழுதவில்லை. அவருக்கே காய்ச்சல் கண்டு, பிழைத்தால் போதும் என்று பத்தனுக்குத் திரும்பி வந்து, யேமன் போகிற கப்பலில் ஏறிக் கொல்லம் போய்விட்டார்.

சரி, நம்ம ஊர் வழக்குக்கு வருவோம். அந்தப் பத்தன் பெரியபட்டினம்தானா?

முதல் சாட்சி இப்னு பதூதாவே. சாட்சியின் தரம் என்ன? அவர் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதவில்லை. மொராக்கோவுக்குத் திரும்பிப் போய், ஃபெஸ் நகரத்தில் இப்னு ஜுஸை என்ற எழுத்தரிடம் வாயால் சொல்லி, 1355-இல் முடித்தார். பத்தனைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. குறிப்புகள்? கொல்லத்திலிருந்து ஹொன்னாவர் போகும் வழியில் கடற்கொள்ளையர் மறித்து உடுத்திய துணி தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். புகாராவில் கல்லறைகளில் பார்த்து எழுதிவைத்தவை இப்படித்தான் கடலில் போயின என்று அவரே ஒரு இடத்தில் வருத்தப்படுகிறார். ஆக பத்தன் பற்றிய வாக்குமூலம் முழுக்க ஞாபகத்திலிருந்து வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த கேம்ப்பில் எத்தனை பிளாக் இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே ஒரு பாகிஸ்தானி வளர்த்த புறா நல்லா ஞாபகம் இருக்கிறது. அதனால் சிங்கத்தையும் மானையும் நான் நம்புகிறேன். ஊர்களின் வரிசையை, நாள் கணக்கைக் கொஞ்சம் யோசித்துத்தான் நம்புகிறேன்.

இரண்டாவது, பெயர். பத்தன் என்றால் பட்டினம், அவ்வளவுதான். சோழமண்டலக் கரை நெடுகப் பட்டினம். நாகப்பட்டினமும் பட்டினம், தேவிப்பட்டினமும் பட்டினம். போதாக்குறைக்கு அவருக்குக் கொஞ்சம் முன்னால் எழுதிய பாரசீகர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டில் ஃபத்தன், மலிஃபத்தன், காயல் என்று மூன்று துறைமுகங்களைச் சொல்கிறார். ஒன்றுக்கு ரெண்டு பத்தன்! வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்று 220 தினார் என்று அவர் கொடுக்கும் கணக்கைப் படித்தால் தலை சுற்றும். அத்தனை குதிரை இந்த மணலில் இறங்கியதா என்று சாயங்காலம் கடற்கரையில் நின்று யோசித்துப் பார்த்தேன். கற்பனைக்கு வருகிறது, அதுதான் ஆபத்தும்.

மூன்றாவது சாட்சி வாய் பேசாது. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

சின்ன வயசில் பெண்பிள்ளைகள் பாண்டி விளையாடும்போது நல்ல சில்லுக்குச் சண்டை நடக்கும். பானை ஓடு தேய்ந்துபோகும், எறிந்தால் துள்ளும். எங்கள் தெருவில் மதிப்பான சில்லு பச்சைச் சில்லு. வழவழவென்று, கடல் தெளிந்திருக்கும்போது தெரியுமே அந்த நிறத்தில். தென்னந்தோப்புக்கு உரக்குழி வெட்டினால், கிணறு தோண்டினால் கிடைக்கும். என் அக்கா அதில் ஒன்றை அஞ்சறைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். "அது பழைய காலத்துப் பீங்கான், கப்பல்ல வந்தது" என்று அத்தா சொல்லுவார். அதுக்கு மேலே யாரும் கேட்டதில்லை.

அந்தச் சில்லுக்குப் பேர் இருக்கிறது என்று எனக்கு நாற்பது வயசுக்கு மேலேதான் தெரிந்தது. சீனாவில் செஜியாங் மாகாணம் லோங்சுவான் சூளைகளில் சுட்ட பச்சைப் பூச்சுப் பீங்கான். செலடன் என்று சொல்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் எங்கள் ஊரில் அகழாய்வு செய்தது. கல்வெட்டு அறிஞர் எ. சுப்பராயலுவும் ஜப்பானியப் பேராசிரியர் நொபுரு கராஷிமாவும் இந்த ஊரைப் பற்றி எழுதியவை முக்கியமானவை. கராஷிமா தமிழ்க் கல்வெட்டுகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவர், 2015-இல் காலமானார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சீனப் பீங்கான் ஓடுகளைத் தேடிப்போன கதையை 2004-இல் ஒரு நூலாகத் தொகுத்தார். பார்க்க ஆராய்ச்சி அறிக்கை மாதிரி இருக்கும், எனக்கு அது துப்பறியும் கதை. கரையோரம் ஊர் ஊராகப் போய்க் குனிந்து ஓடு பொறுக்குகிறார்கள். எந்தச் சூளை, எந்தக் காலம் என்று பிரிக்கிறார்கள். பெரியபட்டினத்தில் கிடைத்ததில் லோங்சுவான் பச்சை இருந்தது, ஃபூஜியான் மாகாணத்துத் தெஹுவா வெள்ளை இருந்தது, ஜிங்டெஜென் சூளையின் நீலமும் வெள்ளையும் இருந்தது.

அந்த நீலம்தான் எனக்குப் பிடித்த தடயம். வெள்ளைப் பீங்கானில் கோபால்ட் நீலத்தால் பூ வரைகிற வேலை ஜிங்டெஜெனில் நன்றாகக் கைகூடியது யுவான் அரச காலத்தில், ஏறக்குறைய 1320-களுக்குப் பிறகு. அந்தக் கோபால்ட் பாரசீகத்திலிருந்து சீனாவுக்குப் போனது. அதாவது பாரசீகத்து நீலம் சீனா போய்ப் பூவாகி, கப்பலேறி மறுபடி மேற்கே வரும் வழியில் எங்கள் ஊரில் உடைந்திருக்கிறது. யுவான் காலத்து நீலச் சில்லு ஒன்று மண்ணில் கிடக்கிறது என்றால், அந்தப் பத்து இருபது வருஷங்களில் இங்கே கப்பல் வந்திருக்கிறது, பொருள் வாங்க ஆள் இருந்திருக்கிறது. இப்னு பதூதா காலமும் அதுதான். இதைச் சொல்ல அந்தச் சில்லுக்கு ஞாபகசக்தி தேவையில்லை, சகலை உறவும் இல்லை.

இதோடு ரெண்டு எழுத்துச் சாட்சி சேருகிறது. ஒன்று, பக்கத்திலேயே இருக்கிற திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் கல்வெட்டு. கீழ்ச்செம்பி நாட்டுப் பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகரின் பள்ளிவாசலுக்குப் பாண்டிய மன்னன் நிலம் விட்டதைச் சொல்வது. 13-ஆம் நூற்றாண்டு. அந்தப் பவித்திரமாணிக்கப்பட்டினத்தை ஆய்வாளர்கள் பெரியபட்டினத்தோடு பொருத்துகிறார்கள். பள்ளிவாசலுக்கு விட்ட தானம் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது என்பதை ஊரில் பாதிப்பேருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். இன்னொன்று வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349 வாக்கில் எழுதியது. அதில் 'தா பா தான்' என்று ஒரு ஊர் வருகிறது. சீனத்தில் 'தா' என்றால் பெரிய. 'பா தான்' பத்தன். பெரிய பத்தன்! கராஷிமா இதையும் நம்ம ஊரோடு சேர்க்கிறார். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கடலும் சாட்சி சொல்லும். எங்கள் கரைக்கு எதிரே வாலைத்தீவு, அப்பாதீவு, முள்ளித்தீவு என்று பவளப்பாறைத் தீவுகள் வரிசையாக நிற்கின்றன. அலையை அவை வாங்கிக்கொள்ளும், உள்ளே தண்ணி குளம் மாதிரி கிடக்கும். கடலுக்குள் மரத்தூண் நட்டு மண்டபம் கட்ட வேண்டும் என்றால் அலை அடிக்கிற கரையில் முடியாது, இந்த மாதிரி இடம்தான் தோது. இது எந்த நூலிலும் படித்ததில்லை, கரையில் நிற்கிற எவனுக்கும் தோன்றக்கூடியது. அதனால் இதற்கு நான் ரொம்ப மார்க் போடவில்லை. கிரான்ட் ஓவியத்து முகத்தைப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

எதிர்சாட்சி? திராட்சை. நல்ல திராட்சையும் மாதுளையும் கிடைத்தது என்கிறார். எங்கள் மண்ணில் பனை, தென்னை, உடை, இப்போது சீமைக்கருவேலம். திராட்சைக்கொடியை எங்கள் ஊரில் வீட்டு முற்றத்தில் ஒருத்தர் வைத்துப் பார்த்தார், இலை மட்டும் வந்தது. ஆனால் இது பெரியபட்டினத்துக்கு எதிரான சாட்சி என்றால் இந்தக் கரையில் இருக்கிற எல்லாப் பட்டினத்துக்கும் எதிரான சாட்சிதான். யாரோ பணக்கார வணிகர் வீட்டுத் தோட்டத்தில் சாப்பிட்டிருக்கலாம், கப்பலில் வந்த உலர்பழமாகவும் இருக்கலாம். லாம், லாம் என்று இழுக்கிறேன், பார்த்தீர்களா? சொந்த ஊர் என்றதும் எதிர்சாட்சியைச் சமாளிக்க மனசு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது!

இதே வாரத்தில் அமிதாவ் கோஷ் 1992-இல் எழுதிய 'இன் ஆன் ஆன்டீக் லேண்ட்' புத்தகத்தையும் முடித்தேன். கெய்ரோவில் ஒரு யூதக் கோயிலின் காகிதக் குவியலிலிருந்து, 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் இருந்த வணிகர் ஒருவரின் அடிமை யார் என்று தேடுகிறார். கடிதத்தில் இருப்பது மூன்று எழுத்துப் பேர் மட்டும். அதைப் பொம்மா என்று படித்து, துளுநாட்டுக்காரன் என்று நிறுவ அவர் படும் பாடு இருக்கிறதே. நடுநடுவே எகிப்துக் கிராமக் கதை கொஞ்சம் நீளம்தான். ஆனால் எங்கே ஆதாரம் முடிந்து எங்கே தன்னுடைய ஊகம் தொடங்குகிறது என்று வாசகனுக்குத் தெரிகிற மாதிரி நடக்கிறார். இராமநாதபுரத்து எஸ்.எம். கமால் அவர்களின் 'முஸ்லீம்களும் தமிழகமும்' நூலையும் திரும்ப எடுத்தேன். இந்தக் கரையைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரரே உட்கார்ந்து எழுதியது என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

மூன்று வாரம் கழித்துத் தம்பிகள் மறுபடி வந்தார்கள். பெரியபட்டினம் பெரிய துறைமுகமாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அதற்கு மண்ணே சாட்சி என்றேன். இப்னு பதூதாவின் பத்தன் இதுதான் என்பது நல்ல ஆய்வாளர்கள் நல்ல காரணத்தோடு சொல்வது, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, ஆனால் பொருத்திப் பார்த்துச் சொல்வதுதானே தவிர ஊர்ப்பேரோடு எழுதிவைத்தது இல்லை என்றேன். 'எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனப் பீங்கான் வந்திறங்கிய துறைமுகம்' என்று போடலாமே என்று எழுதியும் வைத்திருந்தேன்.

படித்துப் பார்த்துவிட்டு ஒருத்தன் சிரித்தான். "காக்கா, இப்னு பதூதாவை எடுத்துட்டு உடைஞ்ச பீங்கானைப் போடச் சொல்றீங்க. அதுவும் சீனா பேரைப் போட்டா சும்மாவே வம்பு வரும்." இன்னொருத்தன் கொஞ்சம் கோபமாகவே கேட்டான்: "நம்ம ஊர் பேரை நாமளே சந்தேகப்பட்டா வெளியூர்க்காரன் எப்படி மதிப்பான்? ஏர்வாடி பேர் தெரியுது, கீழக்கரை பேர் தெரியுது, நம்மளை யாருக்குத் தெரியும்?" அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஒருத்தன் கூகுளில் தேடிப் பத்தன் வேற ஊர் என்று யாரோ எழுதியதைக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் நாம் சொல்கிற பீங்கானையும் நம்ப மாட்டானே தம்பி என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில் பேரம் படிந்தது. வருஷம் வேண்டாம். 'இப்னு பதூதா வந்ததாக ஆய்வாளர்கள் கருதும்' என்று சேர்க்க ஒத்துக்கொண்டார்கள். ஃபிளெக்ஸ் வந்ததும் போய்ப் பார்த்தேன். இப்னு பதூதா பேர் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. 'ஆய்வாளர்கள் கருதும்' என்பது பக்கத்தில் போய் நின்றால் தெரியும்.

போன வாரம் ஒரு தோப்பில் ஜேசிபி வைத்து மண் எடுத்து, பள்ளமான மனை ஒன்றை நிரப்பினார்கள். லாரி கொட்டிய குவியலில் பச்சையும் வெள்ளையுமாக மினுங்கியது. அரைமணி நேரத்தில் ஒன்பது சில்லு பொறுக்கினேன். ஒன்றில் லேசாக நீலக்கோடு. எந்தத் தோப்பு என்று டிரைவரிடம் கேட்டால் "மேலத் தோப்புதாண்ணே, எந்தப் பக்கம்னு பாக்கலை" என்றார். எத்தனை அடி ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. தடயத்தை இடத்தைவிட்டு நகர்த்தியாகிவிட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, தேதியும் டிரைவர் சொன்ன தோப்பின் பேரும் எழுதி வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். குழி வெட்டும்போது இந்த மாதிரி ஓடு வந்தால் உடனே அள்ளிவிடாதீர்கள். கிடக்கிற இடத்திலேயே, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுங்கள், விஏஓவிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். அக்காவிடமும் போனில் கேட்டேன். அந்தப் பச்சைச் சில்லு கல்யாணமாகிப் போகும்போது வீட்டிலேயே கிடந்ததாம், அப்புறம் எங்கே போனது என்று தெரியவில்லையாம்.